நம் எண்ணிக்கை குறைவதற்கு நம் பெண்கள்தான் காரணமா?

செந்தூல் மல்லி எழுதியது:

போன வாரம் எங்கள் வட்டாரத்தில் ஒரு மண்டபத்தில் மலேசிய இந்தியர் சமுதாயக் கூட்டம் நடந்தது. பேச வந்த ஒருவர், "நம் பெண்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள், குடும்பக் கட்டுப்பாடுதான் நம் இனத்தைக் குறைத்துவிட்டது, மூன்றாவது பிள்ளைக்கு நாங்கள் ரொக்கம் தருகிறோம்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. தட்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கேட்டுக்கொண்டு சும்மா வர மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எண்ணிக்கை குறைகிறது, அதை மறுக்கவில்லை. 1957 கணக்கெடுப்பில் மலாயாவில் நூற்றுக்குப் பதினொருவர் நம்மவர். இன்று மலேசியாவில் ஏழு பேர்கூட இல்லை. ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1970இல் நாடு முழுக்க 4.9. இப்போது அது இரண்டுக்கும் கீழே. இந்தியப் பெண்களிடையே 1.1 அளவில் நிற்கிறது. சீனர்களிடையே அதைவிடக் குறைவு.

ஆனால் பழியை எங்கே போடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். 1963இல் சபாவும் சரவாக்கும் சேர்ந்தபோதே நம் விழுக்காடு இறங்கியது. 1969க்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்காமல், குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறிய அந்தக் குடும்பங்களைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை.

அரசாங்கத் திட்டமும் எப்போதும் ஒரே பக்கம் இழுக்கவில்லை. 1953இல் சிலாங்கூரில் தொண்டர்கள் சங்கம் வைத்துத் தொடங்கிய வேலை அது. 1966இல் சட்டம் இயற்றி, வாரியம் அமைத்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்போதைய நோக்கம் பிறப்பைக் குறைப்பது. 1984இல் மகாதீர் அரசு அதை அப்படியே திருப்பிவிட்டது. 2100க்குள் 7 கோடி மக்கள் வேண்டும் என்றார்கள். வாரியத்தின் பெயரும் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மலாய்ச் சுருக்கத்தில் நாம் எல்பிபிகேஎன் என்று சொல்வது அதைத்தான். அதிகம் பெறுங்கள் என்று நாட்டின் தலைமையே சொன்ன அந்த ஆண்டுகளில்தான் நம் பெண்கள் தாமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். யாரும் கையைப் பிடித்து ஊசி போட்டு நிறுத்தவில்லை. வாடகை, பிள்ளைப் பராமரிப்பு, வேலை, படிப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அவர்கள் எடுத்த முடிவு இது.

என் கருத்து இதுதான்: எத்தனை பிள்ளை, எப்போது என்பதைப் பெற்று வளர்க்கிறவள் தீர்மானிக்கட்டும். சமுதாயத்துக்கு அக்கறை இருந்தால் அவளுக்குத் தேவையானதைச் செய்து கொடுக்கட்டும். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

மாக் மண்டின்காரர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எண்ணிக்கை முக்கியமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் பல காலம் இருந்தவன். 150 மாணவருக்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி என்று பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு ஆண்டும் முதலாம் வகுப்புக்குப் பிள்ளை தேடி வீடு வீடாகப் போக வேண்டும். கதவைத் தட்டினால் திறக்கிற வீட்டில் பாட்டி இருப்பார், தாத்தா இருப்பார், பிள்ளை இருக்காது. அந்த வலி மேடையில் பேசியவருக்கும் இருந்திருக்கும்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அம்மாவுக்கு நாங்கள் ஒன்பது பேர். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போவார். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால் வெட்டப் போக வேண்டும். கொட்டகையில் வரிசையாகச் சேலைத் தூளி தொங்கும். ஒரு ஆயா ஒரு தூளியைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டிருப்பார். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே நாங்கள் பால் வடியும் மங்குத் துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் போய்விடுவோம். பிள்ளை அதிகமானால் வீட்டுக்குக் கூலி அதிகம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் கருத்தடை மாத்திரை கிடைக்கும் என்று பிற்பாடுதான் சொன்னார்கள். அம்மா வாங்கப் போகவில்லை. அப்பாவும் போகவிடவில்லை.

அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. ஒன்பதில் இரண்டு தங்கவில்லை. ஆனாலும் ஒரு சமூகம் தன் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவது குற்றமா?

மிசிம்மா எழுதியது:

குற்றமில்லை ஐயா. கவலையை எங்கே கொண்டுபோய் இறக்குகிறோம் என்பதுதான் கேள்வி.

நான் அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பிள்ளை பெறாதே என்று சொல்வதில்லை. பிரசவம் ஆகி ஆறு வாரத்தில் தாய் வரும்போது, அடுத்த பிள்ளை எப்போது வேண்டும் என்று கேட்போம். இரண்டு வருடமாவது இடைவெளி விட்டால் உடம்பு தேறும். ரத்தசோகையோடு அடுத்தடுத்துச் சுமப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம்மவர்களிடையே இன்னொரு சிக்கல், நீரிழிவு. நாட்டில் இனவாரியாகப் பார்த்தால் அது நம்மிடம்தான் அதிகம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் கருத்தரித்தால் குழந்தைக்கும் ஆபத்து. அப்படிப்பட்டவருக்கு ஓர் ஆண்டு கருத்தடை கொடுத்து, சர்க்கரையை இறக்கி, அப்புறம் தாராளமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அனுப்புவோம். அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் குடும்பக் கட்டுப்பாட்டால்தான்.

வழிகளைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். மாத்திரையைத் தினமும் மறக்காமல் விழுங்க வேண்டும். பால் கொடுக்கிற தாய்க்கு வேறு வகை மாத்திரை, பக்கத்து வீட்டு அக்காவின் அட்டையைக் கடன் வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஊசி போட்டால் பிறகு பிள்ளையே பிறக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு கருப்பிடிக்கச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். ஆகவே சீக்கிரமே அடுத்தது வேண்டும் என்பவர்களுக்கு நான் ஊசியைச் சொல்வதில்லை. மேல்கையின் உட்புறம் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட் மூன்று ஆண்டுக்கு. விரலால் தடவினால் தீக்குச்சி மாதிரி தட்டுப்படும், வெளியே தெரியாது. கருப்பைக்குள் வைக்கும் லூப், வகையைப் பொறுத்து ஐந்து முதல் பத்து ஆண்டு.

வெளியே தெரியாது என்பது ஏன் முக்கியம் என்று பெண்களுக்குத் தெரியும். மாத்திரை அட்டையைப் பருப்பு டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்த மருமகள்களை எனக்குத் தெரியும். மாமியார் கண்டுபிடித்துக் குப்பையில் போட்டுவிட்டார் என்று அழுதுகொண்டு வருவார்கள்.

வாரியம் 2014இல் எடுத்த குடும்ப ஆய்வில், திருமணமான பெண்களில் ஏதாவது ஒரு முறையைக் கடைப்பிடிப்பவர்கள் 52.2 விழுக்காடு. மாத்திரை, ஊசி, லூப் போன்ற நவீன முறைகளை மட்டும் எடுத்தால் 34.3 விழுக்காடு. 1984இலும் மொத்தம் ஏறக்குறைய பாதிதான். முப்பது ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. ஏதாவது ஒரு முறை என்று சொன்னவர்களிலும் பலர் நாள் கணக்குப் பார்த்துப் பயந்துகொண்டே மாதத்தை ஓட்டுகிறார்கள். இந்தத் திட்டம் நம் இனத்தை அழித்தது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும்.

ஏழாவது மாடி எழுதியது:

மிசிம்மா எழுதியதைப் படித்ததும் நானும் எழுதலாம் என்று தோன்றியது. மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆபரேஷன். மூன்றாவது பிரசவத்தின்போதே கருக்குழாயைக் கட்டிவிடுங்கள் என்று ஒரு மருத்துவமனையில் கேட்டேன். கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் அப்போது ஜொகூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், வர முடியவில்லை. தொலைபேசியில் சம்மதம் சொன்னார், ஏற்கவில்லை. என் வயிற்றை மூன்று முறை கிழித்ததற்கு நான் போட்ட கையெழுத்து போதுமாக இருந்தது. இதற்கு மட்டும் போதவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏழாவது மாடி வீட்டுக்கு வந்தேன். அன்று லிஃப்டும் வேலை செய்யவில்லை.

மூன்றாவது பிள்ளைக்கு ரொக்கம் தருகிறோம் என்கிறார்களே, என்னிடம் மூன்று இருக்கின்றன. இரண்டு பேரைப் பராமரிப்பில் விட்டால் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அதற்கு யார் வருவார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகன் எழுதியது:

சகோதரி எழுதியது நெஞ்சை என்னவோ செய்கிறது. வேலை செய்யும் பெண்களுக்காகச் சட்டத்தில் இருப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், பலருக்குத் தெரியவில்லை.

2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. தகப்பனுக்கு 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. திருமணமானவராக இருக்க வேண்டும், அதே முதலாளியிடம் ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும், அதிகபட்சம் ஐந்து பிரசவத்துக்கு. பெண்களுக்கும் ஐந்து என்ற வரம்பு இருக்கிறது. உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருக்கும் பெண்ணுக்கு ஆறாவது பிரசவத்தில் விடுப்புக் காலச் சம்பளத்தைக் கேட்கும் உரிமை இல்லை. பிள்ளை கூடுதலாக வேண்டும் என்று பேசுபவர்கள் சட்டத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கும் இந்த வரியை நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே.

வரியில் பிள்ளைக்கு 2,000 வெள்ளி (ரிங்கிட்) கழிவு உண்டு. பதிவு பெற்ற பராமரிப்பு நிலையத்தில் விட்டால் 3,000 வெள்ளி வரை கழிவு. ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருப்பவருக்குத்தான் இதனால் பயன். ஏழாவது மாடி சகோதரி போன்றவர்களுக்கு வரிக்கழிவை வைத்து என்ன செய்ய?

காத்திருக்கிறேன் எழுதியது:

நான் இந்தப் பேச்சின் இன்னொரு ஓரத்தில் நிற்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால், "என்னம்மா, குடும்பக் கட்டுப்பாடா?" என்று கேட்கிறார்கள். வளைகாப்பு வீட்டில் தட்டை என் கையில் கொடுக்காமல் அடுத்தவருக்கு நகர்த்தியதையும் பார்த்துவிட்டேன். இனம் குறைகிறது என்று மேடையில் முழங்குபவர்கள், பெற விரும்பியும் முடியாமல் தவிப்பவர்களைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

குடும்ப நலத் திட்டத்தில் இதற்கும் இடம் இருக்கிறது என்பதே எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. எல்பிபிகேஎன் கிளினிக்கில் குழந்தைப்பேறு இல்லாதவர்களுக்கும் ஆலோசனையும் சிகிச்சையும் உண்டு. ஐவிஎஃப் எனும் செயற்கைக் கருத்தரிப்பு என்றால் தனியாரில்தான் என்று நினைத்துப் பலர் அங்கேயே கைவிடுகிறார்கள். சில அரசாங்க மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள், பினாங்கிலிருந்து அலோர் ஸ்டார் போகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசை நீளம், அதனால் வயது போவதற்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். செயற்கைக் கருத்தரிப்புச் செலவுக்குச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம். வருமான வரியில் மருத்துவச் செலவுக் கழிவிலும் இது சேரும்.

ஒரு வேண்டுகோள், ஆண்களுக்கு. பரிசோதனைக்கு நீங்களும் வாருங்கள். காத்திருக்கும் நாற்காலிகளில் என்னோடு தனியாக உட்கார்ந்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். தன் விந்தணுவைச் சோதிக்கச் சம்மதிக்காத கணவருக்காக, கத்தியும் ஊசியும் எல்லாம் மனைவி உடம்பில்.

திருவாரூர் மருமகள் எழுதியது:

நான் தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள், இப்போது கோலாலம்பூரில் இருக்கிறேன். எங்கள் ஊர்க் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் இந்தியாவில் நடந்ததை மனதில் வைத்துத்தான் பயப்படுகிறார்கள்.

1952இலேயே அரசாங்கத் திட்டமாக இதைத் தொடங்கிய நாடு இந்தியா. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வாசகமும் சுவரெல்லாம் இருக்கும். 1975 முதல் 77 வரை நெருக்கடிநிலைக் காலத்தில் வடக்கே ஆண்களைப் பிடித்து வந்து அறுவைச் சிகிச்சை செய்த கொடுமை நடந்தது. அதன் பிறகு ஆண்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை, மொத்தச் சுமையும் பெண்கள் மேல் விழுந்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்றும் கருத்தடை என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன்தான். ஆண்கள் செய்துகொள்வது ஏறக்குறைய இல்லை.

ஆனால் தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. தன் குடிஅரசு இதழ்க் காலத்திலேயே பெரியார் கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையின் பகுதியாக எழுதினார். 1929இல் பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுக்கப் பேசியவரும் அவர்தான். பிறகு பெண்கள் படித்தார்கள், சத்துணவு வந்தது, கிராமத்துக்குக் கிராமம் சுகாதார நிலையம் வந்தது. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு இரண்டு போதும் என்றார்கள். இப்போதும் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைத் தாய்க்கு 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் சத்துப் பொருளும் தருகிறார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்து சோதனைக்கு வந்தால் தவணையாகக் கிடைக்கும். ரொக்கம் தருவதென்றால் அப்படித் தாயின் உடம்பைப் பார்த்துத் தர வேண்டும்.

அங்கேயும் இப்போது காற்று திரும்பிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கில் தொகுதி மறுவரையறை வந்தால் நாடாளுமன்ற இடங்கள் குறையும் என்ற அச்சத்தில், 2024 அக்டோபரில் ஸ்டாலினே ஒரு திருமண விழாவில் அதிகம் பெறுவது பற்றிப் பேசினார். குறைக்கச் சொல்லும்போதும் எங்கள் வயிறு, கூட்டச் சொல்லும்போதும் எங்கள் வயிறு.

மாக் மண்டின்காரர் எழுதியது:

எல்லோருடைய பதிவையும் படித்தேன். எண்ணிக்கை பற்றிய என் கவலை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கவலையோடு செய்யக்கூடிய காரியம் ஒன்று தெரிகிறது. எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆயாக் கொட்டகை இருந்தது. வசதி குறைவுதான், ஆனாலும் தாய் வேலைக்குப் போக ஒரு இடம் இருந்தது. தோட்டத்தைத் துண்டாடி நம்மை அடுக்குமாடிக்கு அனுப்பியபோது அந்தக் கொட்டகை கூடவே வரவில்லை. மூன்றாம் பிள்ளைக்கு ஒருமுறை தரும் ரொக்கம் டயாப்பருக்கே சில மாதம் தாங்காது. அந்தப் பணத்தில் நம் கோயில் மண்டபங்களில், வாரநாளெல்லாம் பூட்டிக்கிடக்கும் மண்டபங்களில், முறையாகப் பதிவு செய்த பராமரிப்பு நிலையம் நடத்தலாம். பயிற்சி பெற்ற நம் பெண்களுக்கே வேலையும் கிடைக்கும். எங்கள் பக்கத்துக் கோயில் செயற்குழுவில் அடுத்த கூட்டத்தில் இதைத்தான் வைக்கப்போகிறேன்.

செந்தூல் மல்லி எழுதியது:

ஐயா, அந்தத் தீர்மானத்தை எழுதியதும் இங்கேயும் போடுங்கள், நாங்களும் எங்கள் பக்கம் கேட்கிறோம். ஆனால் பதிவு என்று நீங்கள் சொன்னதும் இன்னொன்று. கோயிலில் தாலி கட்டிவிட்டு, தேசியப் பதிவிலாகாவில் திருமணத்தைப் பதியாமலே இருக்கும் தம்பதிகள் நம்மிடையே இன்னும் உண்டு. 1982 மார்ச் முதல் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கிவிட்டது. பதியாவிட்டால் அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்தது. தாய் வெளிநாட்டவராக இருந்துவிட்டால் பிள்ளைக்குக் குடியுரிமையே சிக்கலாகிவிடும். பள்ளியில் சேர்க்க அலையும் தாய்மார்களை எனக்குத் தெரியும். பிறந்த பிள்ளைக்கே தாளில்லாமல் தவிக்க விட்டுவிட்டு, இன்னும் பெறு என்று கேட்பது எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. கோயில்களில் தாலி கட்டுமுன் பதிவுச் சான்றிதழைக் கேட்டாலே போதும், பாதிச் சிக்கல் தீரும்.

ஏழாவது மாடி எழுதியது:

மிசிம்மா, ஒரு சந்தேகம். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம். இவரும் சரி என்கிறார். இப்போது நான் எங்கே போவது? கட்டுவதற்கு மறுபடியும் அறுக்க வேண்டுமா?

மிசிம்மா எழுதியது:

முதலில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு, கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போம்மா. ஐசியும் (அடையாள அட்டை) கடைசிப் பிரசவத்தின் பிங்க் புத்தகமும் (கர்ப்பகாலப் பதிவேடு) எடுத்துப் போங்கள். மூன்று ஆபரேஷன் ஆனதை வாயால் சொல்வதைவிட அவர்கள் அதில் பார்த்துக்கொள்வார்கள். எல்பிபிகேஎன் கிளினிக் வேண்டுமானால் கோலாலம்பூரில் அவர்களுடைய தலைமையகமே ஜாலான் ராஜா லாவுட்டில்தான். போகுமுன் தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உடனே கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மூன்று முறை அறுத்த வயிற்றை இன்னொரு முறை திறப்பதற்கு முன்னால் லூப்பையோ இம்பிளான்டையோ பற்றிக் கேளுங்கள், ஆண்டுக்கணக்கில் கவலை இல்லை. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எது பொருந்தும் என்பது அதைப் பொறுத்தது. போன கையோடு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையையும் செய்துகொள்ளுங்கள், மூன்று பிள்ளை பெற்றவர் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், அவர் சரி என்கிறார் என்றீர்களே. ஆணுக்குச் செய்யும் வாசெக்டமி சின்னச் சிகிச்சை. மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செய்த உடனே பலன் வராது. சில மாதம் கழித்து விந்தைச் சோதித்து, அணு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை வேறு தடுப்பு வேண்டும். சில நாள் பாரம் தூக்கக் கூடாது, லாரியில் சுமை ஏற்றி இறக்குபவர் என்றால் விடுப்பைப் பார்த்து நாள் குறியுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டால் மருத்துவரும் இரண்டு பேருக்குமாகவே விளக்குவார்.